ரிட்டையர் ஆன பிறகு விழுந்த முதல் அடி: நான்கு பேர் எழுதியது

பழைய ஹெட்மாஸ்டர், மதுரை

2018 மே 31 அன்று சந்தன மாலை போட்டு, ஊர்வலம் மாதிரி வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். வயது 58. ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யலாம் என்று நான் உருப்படியாக யோசித்து வைத்திருந்தது ஒன்றே ஒன்று: இனி அலாரம் வைக்கக் கூடாது.

பணிக்கொடை, ஜிபிஎஃப் என்கிற வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் கம்யூட்டேஷன் எல்லாம் ஆகஸ்ட் கடைசியில் வந்து சேர்ந்தன. என் கணக்கில் அவ்வளவு பணத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்கு முன்னாடி அதைப் பார்த்தவர் வங்கியில் இருந்த ஓர் இளைஞர். மறுநாளே போன். "பாஸ்புக் என்ட்ரி போட வரும்போது அப்படியே என்னையும் பாருங்க சார்." போனேன். காபி வந்தது. முப்பது வருடமாக அந்தக் கிளைக்குப் போகிறேன், பச்சைத் தண்ணீர் கொடுத்ததில்லை. அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்.

"எஃப்டி மாதிரிதான் சார், இதுல வளர்ச்சி அதிகம். வருஷத்துக்கு அஞ்சு லட்சம்" என்றார். ஒரு வருடத்துக்கு ஐந்து லட்சத்தை வைத்திருந்து எடுப்பது என்று நான் புரிந்துகொண்டேன். வருஷா வருஷம் கட்ட வேண்டும் என்பது அதன் பொருள். ஒற்று மிகாத இடத்தில் ஒரு மாணவன் 'ப்' போட்டால் சிவப்பு மையில் சுழிக்கிறவன் நான். அன்றைக்கு அவர் பென்சிலில் டிக் அடித்த இடத்தில் எல்லாம் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஆண்டு "பிரீமியம் கட்ட வேண்டிய நாள்" என்று குறுஞ்செய்தி வந்தபோதுதான் அது இன்சூரன்ஸும் பங்குச் சந்தை முதலீடும் கலந்த யூலிப் பாலிசி என்பதே தெரிந்தது. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க அப்போது 15 நாள் அவகாசம் இருந்தது. இப்போது 30 நாள். எனக்கு ஒரு வருடம் தாண்டிவிட்டது. மேற்கொண்டு கட்டவில்லை. போட்ட பணம் 4 சதவீதத்தில் முடங்கி, ஐந்து ஆண்டு முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. நட்டம் என்று கணக்கில் காட்ட முடியாது. ஆனால் அதே மாதம் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.3 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கேயும் ஒரு கூத்து. 60 வயது ஆகாதவர்களும் 55 முடிந்து ஓய்வு பெற்றிருந்தால் அந்தத் திட்டத்தில் சேரலாம். பணப்பலன் வந்த ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது அப்போதைய விதி. 2023 நவம்பரில் அதை மூன்று மாதமாக்கினார்கள். மீதிப் பணத்தை எடுத்துக்கொண்டு நான் போய் நின்றது நாற்பத்தோராவது நாள். கவுன்டரில் இருந்த பெண் என்னிடம் படித்தவர். "போன வாரம் வந்திருக்கக் கூடாதா சார்?" என்றார். 60 முடிகிற வரை காத்திருந்து சேர்ந்தேன். 2023-ல் உச்சவரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியபோது, யூலிப்பில் இருந்து மீண்ட பணத்தையும் அதிலேயே 8.2 சதவீதத்துக்குப் போட்டுவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வருகிறது. புதிதாக ஓய்வு பெறுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காபி கொடுக்கிற இடத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டுங்கள். என் மனைவி அந்தப் பாலிசிப் புத்தகத்தைப் புரட்டி இரண்டாவது நிமிடத்தில், "இதுல அஞ்சு வருஷம்னு போட்டிருக்கே" என்றாள்.

மில் ஃபிட்டர், கோவை

வாத்தியாரய்யா, உங்களுக்குப் பணம் வந்து அடி. எனக்கு வராம அடிங்க.

1996-ல மில்லுல சேர்ந்தேன். 2020 ஊரடங்குல மில்லை மூடுனாங்க, பொறவு திறக்கவே இல்ல. எனக்கு அப்ப 54. பிஎஃப் பணத்துல பொண்ணு கல்யாணக் கடனை அடைச்சேன். பிஎஃப்-ல வர்ற பென்ஷனை 50 வயசுக்கு மேல எப்ப வேணா வாங்கிக்கலாம்னு ஒருத்தர் சொன்னாருங்க. கையில காசில்லாதவனுக்கு அது போதாதா? எழுதிக் கொடுத்துட்டேன். 58-க்கு முன்னால வாங்குற ஒவ்வொரு வருசத்துக்கும் 4 சதவீதம் கழிப்பாங்கன்னு அவரு சொல்லல. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனான்னு தெரியலீங்க. இப்ப மாசம் 2,300 சொச்சம் வருது. பொறுத்திருந்தா 2,700-க்கு மேல. 58 ஆனதும் அந்தக் கழிவு நின்னுரும்னு நினைச்சிருந்தேன். நிக்காதுங்க, ஆயுசுக்கும் அதேதான். 60 வரைக்கும் தள்ளிப் போட்டா வருசம் 4 சதவீதம் கூடும்ங்கிறதையும் இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

2,300-ல என்னங்க நடக்கும்? அப்பார்ட்மென்ட்ல நைட் வாட்ச்மேனாப் போனேன். தூக்கம் கெட்டு, ராத்திரி மூணு மணிக்கு டீயும் பன்னும் தின்னு, ஒன்றரை வருசத்துல சர்க்கரை 280. சம்பாதிச்சதுல பாதி மாத்திரைக்கே போச்சு. அப்புறம் மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற அரசாங்கத் திட்டத்துல வர்ற அக்கா வீட்டுக்கு வந்து சோதிச்சுப் பார்த்து, பேரை எழுதிக்கிட்டாங்க. இப்ப பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை ரெண்டும் அங்கிருந்தே வருது, காசில்லாம. தனியார் டாக்டர் எழுதுன வேற ஒரு மாத்திரையை மட்டும் விலை கம்மியா விக்கிற மக்கள் மருந்தகத்துல வாங்குறேன். பேரு வேற, உள்ள இருக்கிற மருந்து ஒண்ணுதான்னு மருந்துக்கடைத் தம்பியே காட்டிக் கொடுத்தாப்ல. வாட்ச்மேன் வேலையைப் பகலுக்கு மாத்திக்கிட்டேன். சம்பளம் ஆயிரம் கம்மி. பரவால்லீங்க.

மகள், திருநெல்வேலி

எங்க வீட்ல அடின்னா நிஜமாவே அடிதான். அம்மா பாத்ரூம்ல விழுந்தாங்க.

அப்பா தனியார் கம்பெனியில இருந்து ஓய்வு பெற்றதும் கம்பெனி கொடுத்த குழு இன்சூரன்ஸ் நின்னுபோச்சு. ஒரு வருஷம் எதுவும் எடுக்காம விட்டு, அப்புறம் நான் சண்டை போட்டு மூணு லட்சத்துக்கு ஒரு பாலிசி எடுத்தோம். எடுத்த எட்டாவது மாசம், ராத்திரி மூணு மணி இருக்கும். அம்மா பாத்ரூம் போக எழுந்திருக்காங்க. லைட் போட்டா அப்பா முழிச்சிடுவாரேன்னு இருட்டுல போயிருக்காங்க. பாத்ரூமுக்கு ஒரு படி இறங்கணும். படிக்கு முன்னாடி பழைய சேலையைக் கிழிச்சுத் தைச்ச கால்மிதி. அது வழுக்கியிருக்கு. இடுப்பு எலும்பு முறிஞ்சுது. அம்மாவுக்கு அப்போ 67.

பணம் கேட்க முடியாத காத்திருப்புக் காலம் நோய்க்குத்தான், விபத்துக்கு இல்லைன்னு சொன்னாங்க. நிம்மதியா இருந்தோம். நாங்க கவனிக்காதது அறை வாடகை. பாலிசியில ஒரு நாளைக்கு காப்பீட்டுத் தொகையில 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய்தான். நாங்க எடுத்த அறை 6,000. மீதி மூவாயிரத்தைக் கையில இருந்து கட்டினா முடிஞ்சதுன்னு நினைச்சோம். அப்படி இல்ல. அறை வாடகையில பாதிதான் தகுதின்னா டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம்னு அதோட ஒட்டின எல்லாத்துலயும் பாதியைக் கழிச்சுட்டாங்க. மருந்துக்கும் உள்ளே வைச்ச உலோகத்துக்கும் ஸ்கேன், டெஸ்ட்டுக்கும் அந்தக் கழிவு கிடையாது. 2,80,000 பில்லுக்கு 1,75,000 வந்துது. அதுக்கப்புறம் வீட்ல ஆன செலவு, வாக்கர், கமோட் நாற்காலி, மூணு மாசம் பிசியோதெரபி, ராத்திரிக்கு ஒரு ஆள், எல்லாமே எங்க கைக்காசு.

ஆஸ்பத்திரியில ஒரு வயசான டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "அம்மாவைக் கையை மார்புல கட்டிக்கிட்டு நாற்காலியில இருந்து எழச் சொல்லிப் பார்த்திருக்கியாம்மா?" ன்னு கேட்டார். பார்த்ததே இல்ல. யோசிச்சா, விழறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமாவே அம்மா கையை ஊன்றித்தான் எழுந்திருப்பாங்க. வயசாச்சுன்னு விட்டுட்டோம். தொடைத் தசை கரைஞ்சிருந்தது அப்பவே தெரிஞ்சிருக்கணும். தினமும் கோயிலுக்கு நடக்கறாங்களே, போதும்னு நினைச்சோம். நடை மட்டும் போதாதாம், தசைக்குத் தனியா பயிற்சி வேணுமாம். இப்போ காலையில பத்து தடவை, சாயங்காலம் பத்து தடவை நாற்காலியில உட்கார்ந்து எழறாங்க. சீரியல்ல விளம்பரம் வந்தா அடுக்களை மேடையைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க. அப்பாவுக்கு அதைப் பார்த்தா சிரிப்பு. அவரையும் நிக்கச் சொன்னேன், நாலு நொடிதான் நின்னார்.

தஞ்சாவூர் அம்மா

நான் டைப் பண்ணுகிறது மெதுவாக இருக்கும், மன்னிக்கவும்.

என் கணவர் மாநில அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கு வழக்கில் புலி. அவர் போன மறுவாரம் அந்தப் புலி என்னென்ன எங்கெங்கே வைத்தார் என்று எனக்கு எதுவும் தெரியவில்லை. போனுக்குக் கோடு இழுத்துத் திறக்கிற பூட்டு. அவர் விரல் எப்படிப் போகும் என்று நாற்பது வருடம் பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரியவில்லை.

குடும்ப ஓய்வூதியம் வரவே ஏழு மாதம் ஆயிற்று. காரணம் ஒரு எழுத்து. அவருடைய ஓய்வூதியப் புத்தகத்தில் என் பெயருக்கு முன்னால் என் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் கணவரின் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நான் ஏறாத படி இல்லை. வைப்புத்தொகை இரண்டு அவர் பெயரில் மட்டும், நியமனதாரர் கட்டம் காலி. அதற்கு வாரிசு சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸுக்கு நடந்தேன். கூட்டுக் கணக்காக, 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்று போட்டிருந்த ஒன்று மட்டும் இறப்புச் சான்றிதழைக் காட்டியதும் சுலபமாக முடிந்தது.

அலைச்சலில் என் பிரஷர் மாத்திரையை இரண்டு மாதம் போடவே இல்லை. கருவூலத்து வரிசையில் மயங்கி விழுந்தேன். அதுவும் ஒரு அடிதான்.

இன்னொன்று. வீட்டைப் பையன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடுங்கள் என்று உறவில் எல்லோரும் சொன்னார்கள். பையன் நல்லவன்தான். ஆனாலும் என் ஆயுட்காலம் வரை நான் இருந்து அனுபவிக்கவும், அவன் என்னைப் பராமரிக்கவும் பத்திரத்திலேயே வாசகம் வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். 2007-ம் வருடத்து முதியோர் சட்டத்தில், அப்படி எழுதியிருந்து பராமரிக்காமல் விட்டால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்டிஓ) போய் ரத்து செய்யலாம் என்று பத்திரம் எழுதுகிறவர் சொன்னார். மருமகளுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

பழைய ஹெட்மாஸ்டர், மதுரை

அம்மா எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து போய் என் ஓய்வூதியப் புத்தகத்தைப் பார்த்தேன். என் மனைவிக்கும் அதே கதை. இனிஷியல் வேறு. திங்கட்கிழமை கருவூலத்துக்குப் போகிறேன், அவளையும் கூட்டிக்கொண்டு.

மில் ஃபிட்டர், கோவை

திருநெல்வேலி அம்மிணி, பாத்ரூம்ல கைப்பிடி வைச்சீங்களா? எங்க வீட்லயும் வைக்கோணும். என்ன உயரத்துல வைக்கிறதுங்க?

மகள், திருநெல்வேலி

வைச்சோம் அண்ணா. முதல்ல பிளம்பர் அவர் இஷ்டத்துக்கு வைச்சுட்டுப் போயிட்டார், அம்மாவுக்கு எட்டவே இல்ல. அப்புறம் அம்மாவை கமோட்ல உட்கார வைச்சு, "எழுந்திரும்மா, கை தானா எங்க போகுதோ அங்க சுவத்துல வை"ன்னு சொல்லி, நான் பென்சில்ல கோடு போட்டேன். அங்கதான் திருப்பி வைச்சோம். ஸ்டீல் கம்பியே வாங்குங்க, துண்டு போடற பிளாஸ்டிக் கம்பி ஆள் எடையைத் தாங்காது. அந்தக் கால்மிதியையும் தூக்கிப் போட்டுடுங்க.