கடலோரத்தில் கூட்டமாகப் பறக்கும் பறவைகள்: ஆயிரம் படம் எடுத்தும் நான்கு கூடத் தேறவில்லை

ஈரமணல் (கேள்வி):

வணக்கம். தனிப் பறவைகளை ஓரளவு திருப்தியாகப் படம் எடுத்துவரும் எனக்கு, கூட்டமாகப் பறப்பவற்றை எடுப்பது மட்டும் கைவரவே இல்லை. கடந்த சில வாரங்களாக விடுமுறை நாட்களில் கடற்கரைக்குச் சென்று உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் ஆலாக்களையும் எடுக்க முயன்று வருகிறேன். சென்ற முறை 1,100 படங்கள் எடுத்து, வீட்டில் பெரிய திரையில் பார்த்துக் கழித்தபின் மிஞ்சியவை நான்கு. அவற்றிலும் இரண்டை இரக்கத்தால்தான் வைத்துக்கொண்டேன்.

பயன்படுத்துவது ஃபுல் ஃப்ரேம் கேமராவும் 500 மி.மீ. லென்ஸும். ஷட்டர் 1/1000, அப்பர்ச்சர் எஃப்5.6, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) தானியங்கி, ஃபோகஸ் நடுவில் ஒற்றைப் புள்ளி, விநாடிக்குப் பத்துப் படம். கூட்டம் சுமார் 40 மீட்டர் தொலைவில் எழும்போது பொத்தானை அழுத்துகிறேன். சட்டகத்தின் இடது ஓரத்தில் இரண்டு பறவைகள் கூர்மையாக இருக்கும், மற்றவை பஞ்சுபோல் கலங்கியிருக்கும். அல்லது ஃபோகஸ் எல்லாப் பறவைகளையும் விட்டுவிட்டுப் பின்னால் உடையும் அலையின் நுரையில் போய் உட்கார்ந்திருக்கும். வானத்தை நோக்கி எழுந்துவிட்டால் எல்லாமே கரிய நிழல்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பறவைகள் நெடுநேரம் எழாமல் அமர்ந்திருந்தால், எழட்டும் என்று அவற்றை நோக்கி நடந்திருக்கிறேன். எங்கே தவறுகிறேன்?

தொலைநோக்கு (பதில்):

உங்கள் அமைப்புகளைப் பார்த்தேன். தனிப் பறவையை எடுக்கும் பழக்கத்தை அப்படியே கூட்டத்தின்மேல் ஏற்றியிருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டால் விளங்கும். ஃபுல் ஃப்ரேமில் 500 மி.மீ. லென்ஸ் 40 மீட்டர் தொலைவில் பார்க்கும் அகலம் மூன்று மீட்டருக்கும் குறைவு. இருபது மீட்டர் பரந்து பறக்கும் கூட்டத்திலிருந்து ஒரு கதவின் அளவுக்கு வெட்டி எடுக்கிறீர்கள். அந்தத் துண்டில் கூட்டத்தின் வடிவம் எப்படித் தெரியும்? ஃபோகஸ் ஆழமும் அதே கதைதான். அதே தொலைவில் எஃப்5.6 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ இரண்டு மீட்டர், எஃப்8 வைத்தால் மூன்று மீட்டர். முன்னால் பறப்பதற்கும் பின்னால் பறப்பதற்கும் இடையே பத்து மீட்டர் இருக்கும்போது, இரண்டு பறவைகள் தெளிவாக விழுந்ததே நல்வாய்ப்பு.

இப்போது 200 மி.மீ. லென்ஸுடன் 80 மீட்டர் தள்ளி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டகத்தின் அகலம் 14 மீட்டரைத் தாண்டும். எஃப்8 வைத்து 80 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் சுமார் 54 மீட்டரில் தொடங்கி 150 மீட்டர்வரை ஏற்றுக்கொள்ளத்தக்க கூர்மை கிடைக்கும். அதாவது முழுக் கூட்டமும் ஃபோகஸுக்குள் அடங்கிவிடும். பறவை மிகச் சிறிதாகிவிடுமே என்று தோன்றும். உண்மைதான்: 24 மெகாபிக்சல் சென்சாரில், 15 செ.மீ. நீளமுள்ள கொசு உள்ளான் அந்தத் தொலைவில் அறுபது பிக்சல் அளவுக்குத்தான் வரும். அதன் கண் தெரியாது. ஆனால் கூட்டத்தின் படத்தில் யாரும் கண்ணைத் தேடுவதில்லை, கூட்டம் வளையும் விதத்தைத்தான் பார்க்கிறார்கள். இறகு விரிப்பு ஒரு மீட்டர் இருக்கும் கடற்காகம் என்றால் நானூறு பிக்சலுக்கு வரும், அது தாராளம்.

ஷட்டர் வேகமும் போதாது. நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பறக்கும் பறவை 1/1000 விநாடியில் ஒன்றரை செ.மீ. நகர்ந்துவிடும், உங்கள் 500 மி.மீ. லென்ஸில் அது சென்சாரின் மேல் முப்பது பிக்சல் இழுவை. கேமராவைப் பறவையோடு சேர்த்துத் திருப்பினால் உடல் அசைவு ஈடாகும் என்பது தனிப் பறவைக்குப் பொருந்தும். சுழலும் கூட்டத்தில் பாதி இடப்புறம் திரும்பும்போது மீதி நேரே வந்துகொண்டிருக்கும், எதைப் பின்தொடர்வீர்கள்? 1/2500க்குக் கீழே இறங்காதீர்கள்.

கரைநடை (பதில்):

மேலே சொன்ன கணக்கை மறுக்கவில்லை. ஆனால் தொலைவைக் கூட்டுவதில் ஒரு கண்ணி இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெயில் ஏறியபின் மணலுக்கு மேலுள்ள காற்று கொதிக்கும் நீரின் ஆவிபோல நெளியத் தொடங்கிவிடும். அந்த நெளிவினூடே நூறு மீட்டர் பார்த்தால் எந்த விலையுயர்ந்த லென்ஸும் கூர்மை தராது, எந்த மென்பொருளும் அதை மீட்டெடுக்காது. லென்ஸில் கோளாறு என்று நினைத்து அதைப் பழுது பார்க்கக் கொடுத்து, அங்கே ஒரு குறையும் இல்லை என்று திருப்பித் தரப்பட்ட அனுபவம் எனக்கே உண்டு. விடிந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில் எடுங்கள், அல்லது மணற்பரப்புக்குக் குறுக்கே பார்க்காமல் நீருக்கு மேலாகப் பார்க்கும்படி நில்லுங்கள்.

வெளிச்ச அளவைக் கேமராவின் பொறுப்பில் விடாதீர்கள். கூட்டம் ஒரே எழுச்சியில் கரும்நீரையும் வெண்நுரையையும் வெளிர்வானையும் கடந்து செல்கிறது. பின்னணி மாறும்போதெல்லாம் தானியங்கி அளவீடு தடுமாறுகிறது, பறவையின்மேல் விழும் வெயிலோ மாறவே இல்லை. ஆகவே அளவுகளை நாமே வைக்கும் மேனுவல் முறைதான் பொருத்தம். தெளிந்த வெயிலில் எஃப்8, 1/2500, ஐஎஸ்ஓ 640 என்று தொடங்கி, ஆலா, கடற்காகம் போன்ற வெண்பறவைகளாயின் ஐஎஸ்ஓவை 400 அளவுக்குக் குறைத்து, ஹிஸ்டோகிராமின் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தின்) வலது ஓரம் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை இறகு ஒருமுறை வெந்துவிட்டால் திரும்ப வராது. கரிய நிழல்களாக விழுவதற்கு இன்னொரு காரணம், சூரியன் பறவைகளுக்குப் பின்னால் இருப்பது. அதற்கு அமைப்புகளில் தீர்வில்லை, நிற்கும் இடத்தை மாற்றுவதே தீர்வு.

ஃபோகஸைப் பொறுத்தவரை, ஒற்றைப் புள்ளி இரண்டு பறவைகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் விழுந்து நுரைக்குத் தாவுகிறது. தொடர் ஃபோகஸும் நடு அளவுப் பகுதியும் தேர்ந்துகொள்ளுங்கள், குறுக்கே வரும் பொருளுக்கு உடனே தாவாதபடி அதன் உணர்திறனைக் குறையுங்கள். கூட்டத்தின் முன்னணி ஓரத்தில் ஃபோகஸ் வைப்பது என் வழக்கம். நடுவில் வைத்தால் முன்னால் வருபவை கலங்கிவிடும், அந்தக் கலக்கம்தான் முதலில் கண்ணில் உறுத்தும். மின்னணு ஷட்டர் பயன்படுத்துகிறீர்களா? சென்சாரை மெதுவாகப் படிக்கும் கேமராக்களில் அது இறகுகளை வளைத்துவிடும். ஐயம் இருந்தால் இயந்திர ஷட்டருக்கே மாறிவிடுங்கள்.

ஓதக்கணக்கு (பதில்):

பறவைகளை நோக்கி நடப்பதாக எழுதியிருந்தீர்களே, எனக்கு அதுதான் முதன்மையாகப் பட்டது. கேமரா அமைப்புகளெல்லாம் அதற்குப் பிறகுதான். நம் கரைகளில் அமர்ந்திருக்கும் உள்ளான்களும் மூக்கன்களும் பெரும்பாலும் நெடும்பயணிகள். 2022இல் ஓர் இளம் பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவரை 13,560 கி.மீ. தொலைவை எங்கும் இறங்காமல் பதினொரு நாட்களில் கடந்தது. அந்தப் பயணத்தின் எரிபொருள் பெரும்பாலும் உடலில் சேர்த்துவைத்த கொழுப்புதான். ஓய்வெடுக்கும் கூட்டத்தை நாம் எழுப்பும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பில் கைவைக்கிறோம். படத்தின் பார்வையிலும் அதனால் நன்மை இல்லை. மிரண்டு எழும் கூட்டம் நம்மிடமிருந்து விலகித்தான் ஓடும். உங்களுக்குக் கிடைப்பவை வால்கள்தாம்.

அவை தாமாகவே எழும் நேரம் ஒன்று உண்டு, அதைக் கணிக்கவும் முடியும். நீர் வற்றியிருக்கையில் சேற்றுப்பரப்பெங்கும் சிதறி இரை தேடும் பறவைகளை, ஏறிவரும் ஓதம் (கடலேற்றம்) கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை நோக்கித் தள்ளும்; இடம் சுருங்கச் சுருங்க அவை நெருங்கி, கடைசித் திட்டும் மூழ்கும்போது கூட்டங்கூட்டமாக எழுந்து உயரமான மணல்திட்டுக்குப் போய்ச் சேரும். உயர் ஓதத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் உங்களுக்கு வேண்டியது. நாளுக்கு இருமுறை நீர் ஏறும் கரைகளில், ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் செல்லும். அதனால் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் நேரம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிக உயரமாக ஏறுவதால் கூட்டங்கள் பெரிதாகவும் நெருக்கமாகவும் சேரும். அந்த உயர் ஓதம் காலை வெயிலோடு சேரும் நாளை ஓத அட்டவணையில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். மாதத்தில் நான்கைந்து நாள்தான் அமையும், அவை போதும்.

பறவைகள் காற்றை எதிர்த்தே எழும், காற்றை எதிர்த்தே இறங்கும். எனவே காற்றும் சூரியனும் உங்கள் முதுகுப்புறம் இருக்கும்படி, நீர் ஏறுவதற்கு முன்பே போய், மணல்மேட்டின் சரிவில் தாழ்ந்து அமர்ந்துவிடுங்கள். அமர்ந்திருப்பவை ஒரே நேரத்தில் தலை தூக்கிக் கழுத்தை நீட்டினால் அவற்றின் பாதுகாப்பு இடைவெளிக்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று பொருள். எழுந்து நிற்காமல் அப்படியே பின்வாங்குங்கள். ஆலாக்கள் மணலில் முட்டையிடும் பருவத்தில் அந்தத் திட்டுப் பக்கமே போக வேண்டாம்.

ஈரமணல்:

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி அட்டவணை பார்த்து, சனிக்கிழமை காலை 8.10க்கு உயர் ஓதம் என்று தெரிந்து, ஆறு மணிக்கே போய் அமர்ந்தேன். 500 மி.மீ. லென்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டு, அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த 70-200 லென்ஸை எடுத்துச் சென்றேன். ஒன்றே முக்கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. முழங்காலில் ஈரம் ஏறியதுதான் மிச்சம். பிறகு ஏழே முக்காலுக்கு, எனக்கு முன்னால் இருந்த திட்டில் நீர் ஒரு நாக்குபோல் நுழைந்ததும், முந்நூறு நானூறு உள்ளான்கள் ஒரே மூச்சில் எழுந்து என்னை நோக்கியே வந்து, தலைக்கு மேல் திரும்பின. மொத்தம் 260 படங்கள், அவற்றில் முப்பதுக்கும் மேல் வைத்துக்கொள்ளத் தக்கவை.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஒரு படத்தில் கூட்டத்தின் இடப்பாதி வெள்ளிபோல் வெளுத்தும் வலப்பாதி பழுப்பாகவும் இருக்கிறது, நடுவே கோடு கிழித்ததுபோல் எல்லை. அடுத்த படத்தில் அந்த எல்லை சற்று நகர்ந்திருக்கிறது. வெளிச்சம் மாறியதா, கேமராவின் கோளாறா?

ஓதக்கணக்கு:

இரண்டும் இல்லை, கூட்டம் திரும்பும் அலையைப் பிடித்திருக்கிறீர்கள், எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உள்ளானின் முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை. அது சாய்ந்து திரும்பும்போது ஒரு நிறம் மறைந்து மறுநிறம் தெரியும். எல்லாப் பறவைகளும் ஒரே கணத்தில் திரும்புவதில்லை. ஓர் இடத்தில் தொடங்கும் திருப்பம் அலைபோலப் பரவுகிறது. வேய்ன் பாட்ஸ் என்ற ஆய்வாளர் டன்லின் என்னும் உள்ளான் கூட்டங்களைப் படமெடுத்து, சட்டகம் சட்டகமாக அளந்து, 1984இல் நேச்சர் இதழில் இதை எழுதினார். அண்டைப் பறவைக்குத் திருப்பம் சென்றுசேர சராசரியாக 15 மில்லிவிநாடியே ஆயிற்று. ஆய்வகத்தில் அதே பறவை திடுக்கிட்டு அசைய 38 மில்லிவிநாடி ஆயிற்று. அதாவது பக்கத்திலிருப்பது திரும்பியபின் இது திரும்புவதில்லை. தூரத்திலிருந்து அலை வருவதைப் பார்த்துத் தன் முறைக்குத் தயாராகிவிடுகிறது. உங்கள் கேமரா விநாடிக்குப் பத்துப் படம் எடுக்கிறது என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அலை ஆறேழு பறவைகளைக் கடந்திருக்கும். எல்லையைச் சுற்றி எண்ணிப் பாருங்கள்.

மங்கல்விரும்பி (பதில்):

தாமதமாக வந்தாலும் ஒரு மாற்றுக் கருத்தை வைக்க விரும்புகிறேன். எல்லாரும் உறையவைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். உறையவைக்கும் ஆசை பழையதுதான்: எத்தியன் ஜூல் மாரே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1882இலேயே துப்பாக்கி வடிவக் கேமராவால், ஒரு விநாடிக்கு 12 படமாகப் பறக்கும் பறவைகளை எடுத்துவிட்டார். இறகசைவை அறிய அவருக்கு அது தேவைப்பட்டது. நமக்கு எப்போதும் அது தேவையா? முந்நூறு பறவைகளும் ஊசி குத்தியதுபோல் நின்றுவிட்ட படத்தில், அன்று தலைக்கு மேல் கேட்ட அந்த இரைச்சல் இல்லை.

நல்ல படங்கள் கைக்கு வந்தபின் ஷட்டரை 1/15க்கு இறக்கிப் பாருங்கள். கேமராவைக் கூட்டத்தின் பொது வேகத்துக்கு ஒத்துத் திருப்பினால், உடல்கள் ஓரளவு நின்று இறகுகள் தூரிகைத் தீற்றல்களாகும், அலைகள் கிடைக்கோடுகளாக நீளும். வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்16 வைத்தாலும் 1/100 அளவுக்குத்தான் இறங்க முடியும். மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் கண்ணாடி) மாட்டினால் 1/12 அளவுக்கு வரும். மாலை மங்கிய பின் ஃபில்டரே வேண்டாம். ஐம்பதில் ஒன்று தேறினால் நல்ல அறுவடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கரையில் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்தீர்கள். கடற்காற்றாக இருந்திருந்தால் லென்ஸ் குழலிலும் கேமராவிலும் உப்பு படிந்திருக்கும். உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புத்துகள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதுகுமிழால் மணலை ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றியெடுத்து, அதன்பின் உலர்ந்த துணியால் துடையுங்கள். முக்காலி கொண்டுபோயிருந்தால் அதன் கால்களையும் கழற்றிக் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த உயர் ஓதத்துக்குள் அவை இறுகிப்போய்விடும்.