இழுத்தால் இறுக்கும்: வேட்டை நாய்க்குட்டிக்கு 'விடு' பழக்கிய அனுபவங்கள்

இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை இங்கே ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவைக்கு வேட்டைக் காலம். சுடுபவர்களுக்குப் பின்னால் தள்ளி நின்று, விழுந்த பறவைகளை நாயை அனுப்பி எடுத்து வருபவர்களை 'பிக்கர் அப்' என்பார்கள். நான் துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது. சனிக்கிழமைகளில் எங்கள் கறுப்பு லாப்ரடார் முத்துவைக் கூட்டிக்கொண்டு இந்த வேலைக்குத்தான் போகிறேன். முத்துவுக்கு இப்போது நான்கு வயது. பறவையைக் கையில் கொடுக்க அவன் பட்ட பாட்டைவிட அதைக் கற்றுக்கொடுக்க நான் பட்ட பாடு பெரிது. அதனால் எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். கன்னி, சிப்பிப்பாறை நாய்களைப் பார்த்து வளர்ந்தவன். அவை ஓடிப் பிடிக்கிற நாய்கள். பிடித்த முயலை நசுக்காமல் கொண்டுவந்து கையில் வைக்க வேண்டும் என்று அவற்றிடம் யாரும் கேட்டதில்லை. லாப்ரடார் மாதிரி விழுந்ததை எடுத்து வரும் 'ரிட்ரீவர்' நாய்களின் வேலையே அதுதான். விழுந்த பறவை பெரும்பாலும் யாரோ ஒருவருடைய சாப்பாட்டுக்குப் போகிறது; விலா நொறுங்கிய பறவையை யாரும் வாங்க மாட்டார்கள். அதைவிட முக்கியமான காரணம், சில பறவைகள் சாகாமல் அடிபட்டுக் கிடக்கும். அவற்றை நாய் மேலும் வதைக்காமல் சீக்கிரம் கையில் சேர்த்தால்தான் நாம் உடனே வேதனையை முடித்துவைக்க முடியும்.

தப்பு எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஆரம்பித்தது. முத்து ஐந்து மாதக் குட்டியாக இருந்தபோது காலுறையைக் கவ்விக்கொண்டு ஓடுவான். நான் துரத்திப் பிடித்து வாயிலிருந்து பிடுங்குவேன். பிள்ளைகள் பழைய துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவனோடு இழுபறி விளையாடுவார்கள். நான்கு மாதம் முதல் ஆறு மாதம் வரை பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கிற காலம், ஈறு அரிக்கும். அந்த நேரத்தில் வாயில் இருப்பதை இறுக்கிப் பிடிப்பதற்கு நாங்களே தினமும் பயிற்சி கொடுத்திருக்கிறோம். எட்டு மாதத்தில், பறவைக்குப் பதிலாக எறிந்து பழக்கும் கான்வாஸ் டம்மியை எறிந்தால் புயல் மாதிரி போய் எடுப்பான், பத்தடி தூரம் வரை வருவான், அப்புறம் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடுவான். எப்படியோ பிடித்து டம்மியில் கை வைத்தால் தாடை பூட்டிக்கொள்ளும். நான் இழுக்க, அவன் இழுக்க, டம்மியின் துணி கிழிந்ததுதான் மிச்சம்.

பக்கத்துத் தெருவில் ஒரு முதியவர் இருக்கிறார், நாற்பது வருடம் கேம்கீப்பராக, அதாவது வேட்டைப் பறவைகளையும் வேட்டை நிலத்தையும் பராமரிப்பவராக, இருந்தவர். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நாங்கள் மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். "அவன் கொண்டுவந்ததை நீ ஒரு நிமிஷம்கூட அவனிடம் விட்டு வைக்கவில்லையே, பிறகு ஏன் உன்னிடம் வருவான்?" என்று கேட்டார். பிறகு உள்ளே வந்து புல்லில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்தார். டம்மியையும் பார்க்கவில்லை, நாயின் கண்ணையும் பார்க்கவில்லை. முத்து கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு அவர் தோளருகே வந்து நின்றான். அவர் டம்மியைத் தொடவே இல்லை. நெஞ்சைத் தடவிக்கொடுத்தார், காதின் பின்னால் சொறிந்தார். நல்லா ஒரு நிமிஷம் போயிருக்கும். அப்புறம் ஒரு கையைத் தாடைக்குக் கீழே வைத்து, மறு கையால் டம்மியைப் பிடித்து, தன் பக்கம் இழுக்காமல் நாயின் வாய்ப்பக்கமே இம்மி அளவு தள்ளி, மெல்லிய குரலில் "டெட்" என்றார். பிரிட்டனில் 'விடு' என்பதற்கு வழக்கமான சொல் அது. வாய் திறந்தது. டம்மி அவர் கையில் இருந்தது.

இழுத்தால் நாய் இறுக்கும், அது அதன் இயல்பு. உள்பக்கம் லேசாகத் தள்ளினால் இறுக்குவதற்கு எதிர்விசை கிடைக்காது, தாடை தளர்ந்துவிடும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் இதை என் கைக்குப் பழக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. நாயைவிட மனிதக் கை மெதுவாகத்தான் கற்கிறது.

அடுத்து, கெட்டியாகப் பிடிக்காமல் அமைதியாக வைத்திருக்க அவனைத் தனியாகப் பழக்கினேன். உட்கார வைத்து, டம்மியை வாயில் கொடுத்து, பத்து எண்ணும் வரை தாடைக்குக் கீழே விரலால் தடவிக்கொண்டே இருப்பேன். நிதானமாக வைத்திருக்கத் தெரிந்தபின்தான் நிதானமாக விடத் தெரியும். எறிவது ஒருநாளைக்கு நான்கைந்து தடவைதான், அதுவும் வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவில் உள்ள குறுகிய சந்தில். அங்கே சுற்றி ஓட இடம் கிடையாது, என்னிடம் வந்துதான் ஆகவேண்டும்.

பிஸ்கட் கொடுத்து வாங்கலாம் என்று பலர் சொல்வார்கள். நானும் முயன்றேன். நான்காம் நாளே என் கை பாக்கெட் பக்கம் போவதைப் பார்த்ததும் ஐந்தடிக்கு அப்பாலேயே டம்மியைத் துப்பிவிட்டு வந்தான். டம்மி அங்கேயே கிடக்கும். உயிருள்ள பறவை எழுந்து ஓடிவிடும். அதோடு பிஸ்கட்டை நிறுத்தினேன். கொடுத்ததும் இன்னொரு முறை எறிவதுதான் அவனுக்குப் பரிசு. லாப்ரடாருக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

கால்விரலை மிதிப்பது, காதைக் கிள்ளுவது என்று பழைய முறைகள் உண்டு. அவற்றில் நாய் வாயைத் திறக்கும், மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்தில் வந்தால் வலி என்று கற்றுக்கொண்ட நாய் ஏன் ஆசையாகத் திரும்பி வர வேண்டும்? அந்தப் பக்கம் நான் போகவே இல்லை.

பத்து மாதத்தில் முதல் பறவை. ரத்தம் இல்லாத, செத்த பெட்டை ஃபெசன்ட், ஏறக்குறைய ஒரு கிலோ. உறையவைத்து, முழுதாக உருகவிட்டு, இறக்கை விரிந்து முகத்தில் அடிக்காமல் ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தோம். முத்து அதன் மேலேயே படுத்து இறகைச் சப்ப ஆரம்பித்தான். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. முதியவர் சொன்னபடி முதுகைக் காட்டி விசிலை ஊதிக்கொண்டே வேகமாக நடந்தேன். பின்னால் காலடிச் சத்தம். பறவையோடு ஓடிவந்தான். முதல் பறவையாகப் புறாவை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதன் இறகு எளிதில் உதிர்ந்து நாக்கிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொள்ளும், பல குட்டிகளுக்கு அதிலேயே வெறுத்துப்போகும்.

முதல் வேட்டைக் காலம் முழுக்க அடிபட்டு ஓடும் பறவையின் பின்னால் அவனை அனுப்பவில்லை. சேவல் ஃபெசன்ட்டின் காலில் முள் இருக்கிறது. கன்னத்தில் ஒரு கீறல் விழுந்தால் குட்டி தற்காப்புக்காகக் கடிக்கும். கடித்தால் பறவை அடங்கிவிடுகிறது என்பதை ஒருமுறை கண்டுகொண்டால், அப்புறம் மறக்க வைப்பது பெரும்பாடு.

இரண்டாம் வருட நவம்பரில்தான் அந்த நாள் வந்தது. அடிபட்ட சேவல் ஒன்று வேலிப் புதருக்குள் ஓடி மறைந்தது. முத்துவை அனுப்பினேன். பத்து நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு உழுத வயலின் குறுக்கே தலையை உயர்த்திக்கொண்டு வந்தான். பறவையின் கண் திறந்திருந்தது, கழுத்து நிமிர்ந்திருந்தது. நான் மண்டியிட்டு, கையைக் கீழே வைத்து, "டெட்" என்றேன். வாங்கிய கையில் அதன் இதயத் துடிப்பு தெரிந்தது. உடனே செய்ய வேண்டியதைச் செய்தேன். பிறகு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு பக்க விலாவையும் தடவிப் பார்த்தேன், முழுசாக இருந்தது. இங்கே போட்டிகளில் நடுவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள். விலா உள்வாங்கி நொறுங்கியிருந்தால் நாய் அத்தோடு வெளியே. ஆனால் நசுங்கிய ஒரு பறவையை வைத்து நாய்க்கு 'ஹார்ட் மவுத்' (பறவையைக் கடித்து நசுக்கும் வாய்) என்று முத்திரை குத்திவிடக் கூடாது. உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விழுந்தாலும் விலா உடையும். திரும்பத் திரும்ப நடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

*

மேலே எழுதியவரைப் போல எனக்கும் ஓர் அனுபவம், கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து. எங்களுக்கு வாத்து வேட்டைதான். என் பெண் நாய் நிலத்தில் அழகாகக் கையில் கொடுப்பாள். தண்ணீரிலிருந்து ஏறியதும் வாத்தைக் கரையில் போட்டுவிட்டு உடம்பை உதறுவாள். ஒருமுறை அந்த ஐந்து விநாடியில் அடிபட்ட மல்லார்ட் வாத்து நாணலுக்குள் நழுவிவிட்டது. இருட்டும் வரை தேடியும் கிடைக்கவில்லை. சுட்ட பறவையைத் தேடி எடுக்க முயல வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு நான் கரையில் காத்திருப்பதில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி அங்கேயே வாங்கிக்கொள்வேன். வாங்கியபின் உதறச் சொல்வேன். வாரத்துக்கு ஓரடி வீதம் பின்வாங்கினேன். இப்போது கரைக்கு ஆறடி மேலே நின்றாலும் ஈரத்தோடு நேராக வந்து கொடுத்துவிட்டுத்தான் உதறுகிறாள்.

*

மதுரையிலிருந்து. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை என்ற பேச்சே இல்லை, ஆனால் வீட்டுக்கு வீடு லாப்ரடார் இருக்கிறது. எங்கள் குட்டி செருப்பு திருடினால் வீடே துரத்தும். மேலே இருப்பதைப் படித்ததும் துரத்துவதை நிறுத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவ ஆரம்பித்தோம். இரண்டு மாதம் ஆனது. போன வாரம் முருங்கை மரத்தடியிலிருந்து எதையோ கவ்விக்கொண்டு வந்தான். வாயோரத்தில் வால் தெரிந்தது, அணிற்பிள்ளை. அம்மா அலறினார்கள். நான் உட்கார்ந்து கையை நீட்டி "விடு கண்ணா" என்றேன். எச்சிலில் நனைந்து என் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு கீறல்கூட இல்லை. மரத்தில் வைத்ததும் தாய் அணில் கத்திக்கொண்டே கிளை மாறி இறங்கி வந்தது.