உலக முடிவின் ஆழம் 870 மீற்றரா, 4,000 அடியா?

மலைநாட்டான்: இலங்கை மலைநாட்டிலுள்ள ஹோட்டன் சமவெளியைப் பற்றி ‘வழிப்போக்கன்’ நேற்று இங்கே எழுதிய குறிப்பில், அங்குள்ள ‘உலக முடிவு’ என்னும் பாறை விளிம்பிலிருந்து பள்ளம் 4,000 அடி செங்குத்தாக இறங்குகிறது என்று வாசித்தபோது, குடித்துக்கொண்டிருந்த தேநீர் புரையேறிவிட்டது. அந்த ஆழம் 870 மீற்றர், அதாவது ஏறத்தாழ 2,850 அடி. மீதி 1,150 அடியை அன்பர் எந்தக் கடையில் வாங்கிச் சேர்த்தார் என்பதை அறிய விரும்புகிறேன்.

வழிப்போக்கன்: ஐயா, 4,000 அடி என்பது நான் புனைந்த எண் அன்று, வழிகாட்டிகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் எண்தான். 9 கிலோமீற்றர் வட்டப்பாதையை எப்படி நடப்பது என்பதற்காகவே நான் அந்தக் குறிப்பை எழுதினேன். காலை 9, 10 மணிக்குள் மூடுபனி ஏறிப் பள்ளத்தையே மறைத்துவிடும் என்பதால் 6 மணிக்கே நுழைவாயிலில் நிற்க வேண்டும் என்றும், சின்ன உலக முடிவையும் பெரியதையும் முதலில் பார்த்துவிட்டு, பேக்கர் நீர்வீழ்ச்சியைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தேன். இவற்றுள் ஒரு வரியேனும் தங்கள் கண்ணில் படவில்லை போலும்.

மலைநாட்டான்: எல்லா வரியும் பட்டது. பள்ளத்தின் ஆழம் அறியாதவர் அதன் விளிம்புக்கு மற்றவர்களை அழைத்துச் செல்வதுதான் என் கவலை. 870.

பதுளை வாசகி: இருவரும் எதை அளக்கிறீர்கள் என்று முதலில் சொன்னால் நல்லது. செங்குத்தான பாறைச் சுவரை மட்டும் அளப்பது வேறு. அச்சுவர் முடிந்த பின்பும் சரிந்துகொண்டே போகும் காட்டைக் கடந்து, கீழே தோட்டம் வரையுள்ள மட்ட வேறுபாட்டை அளப்பது வேறு.

மலைநாட்டான்: எதை அளந்தாலும் 870 மீற்றர்தான், சகோதரி.

தோட்டத்துப் பிள்ளை: உலக முடிவுக்கு நேர் கீழே இருக்கும் நொன்பரேல் தோட்டத்தில்தான் என் தாத்தா கொழுந்து நிறுத்தார். கீழிருந்து அந்தப் பாறையை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்களை யாரும் இதுவரை எதுவும் கேட்டதில்லை. எங்களுக்கு அது 4,000 அடியாகத்தான் தெரிந்தது.

மலைநாட்டான்: தெரிவது வேறு, இருப்பது வேறு. வழிப்போக்கனுக்கு அங்கிருந்து இந்து சமுத்திரம்கூடத் தெரிந்ததாம். வானம் தெளிந்த நாளில் கடல் தெரியும் என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் அவர் கண்டது உடவளவை நீர்த்தேக்கத்தின் பளபளப்பாகவே இருக்கும். சமவெளியில் மேய்ந்த மரை என்னும் பெரிய மானையும் அவர் ‘புள்ளிமான்’ என்று எழுதியிருக்கிறார். மரைக்குப் புள்ளி ஏது?

வழிப்போக்கன்: அது தட்டச்சுப் பிழை என்று அப்போதே திருத்திவிட்டேன். பிழைகளைப் பற்றிப் பேசுவதென்றால், சென்ற ஆண்டு தொட்டுப்பொல மலையை நாட்டின் இரண்டாவது உயர்ந்த சிகரம் என்று இதே இடத்தில் எழுதியவர் யார்? இரண்டாவது கிரிகல்பொத்த, தொட்டுப்பொல மூன்றாவது. அதைச் சுட்டிக்காட்டிய நாள் முதல் என் ஒவ்வொரு குறிப்பையும் தாங்கள் அடிக்கோலால் அளந்துவருகிறீர்கள்.

மலைநாட்டான்: தொட்டுப்பொலவைப் பற்றி நான் எழுதியது வேறு பொருளில். பட்டிப்பொல வாயிலருகே ஏறி, ஒரு மணி நேரத்தில் இறங்கி வந்துவிட்டுச் சிகரம் தொட்டதாகப் பெருமை பேசுபவர்களுக்கு அந்தப் பொருள் விளங்காது. நான் கிரிகல்பொத்தவுக்கு, போக மட்டுமே 7 கிலோமீற்றர், சேற்றிலும் முள்ளிலும் நடந்தவன். அங்கே வட்டப்பாதையில் உள்ளதுபோல் மரப்படி கிடையாது.

கண்டிக்காரன்: நண்பர்களே, வரும் சனிக்கிழமை அறுபது வயது கடந்த அம்மாவை அழைத்துச் செல்கிறேன். பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கத்து ஏற்றம் அவருக்குக் கடினமாக இருக்குமா?

பதுளை வாசகி: நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை, மழை பெய்திருந்தால் வழுக்கும். நின்று நின்று ஏறினால் சமாளிக்கலாம். நுழைவாயிலில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள், ஆகவே பொலித்தீன் உறைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோவது நல்லது.

மலைநாட்டான்: 1988 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது, டப்பாவோடு சுற்றுலா போகும் பூந்தோட்டம் அன்று. கண்டிக்காரரே, அம்மாவைத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். விளிம்பில் நிற்கும்போது ஆழம் எவ்வளவு என்று அவர் கேட்டால், 870 மீற்றர் என்று சொல்லுங்கள்.

தோட்டத்துப் பிள்ளை: அடியில் சொல்லுங்கள். அம்மாமாருக்கு அடியில் சொன்னால்தான் விளங்கும்.

வழிப்போக்கன்: 4,000.