ஆபீசுக்குள்ளிருந்து மட்டும் சர்வர் திறக்கவில்லை – நேட் (ஐபி முகவரி மாற்றம்) தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. இரண்டு நாளாக இதே வேலையாக இருக்கிறேன்.

லினக்ஸ் ஃபயர்வால், விதிகள் எழுதுவது ஐபிடேபிள்ஸில். உள் நெட்வொர்க் 192.168.10.0/24, பில்லிங் சர்வர் 192.168.10.20. பொது ஐபி 203.0.113.10 என்று வைத்துக்கொள்ளுங்கள் (உண்மையானதை மாற்றியிருக்கிறேன்).

பொது ஐபியின் 443 போர்ட்டுக்கு வருவதை பில்லிங் சர்வருக்குத் திருப்பிவிட டிநேட் விதி போட்டேன். மொபைல் டேட்டாவில் உடனே திறக்கிறது. ஆபீஸ் வைஃபையில் அதே முகவரி திறக்கவே இல்லை.

விதியில் வெளி இன்டர்ஃபேஸை மட்டும் குறிப்பிட்டிருந்தது முதல் தவறு. அதை எடுத்துவிட்டு, போய்ச் சேரும் ஐபியை வைத்து எழுதினேன். அப்போதும் இல்லை. டிசிபிடம்ப் போட்டு பாக்கெட்டுகளைப் பார்த்ததும்தான் புரிந்தது: கம்ப்யூட்டரும் சர்வரும் ஒரே சப்நெட் (ஒரே உள் நெட்வொர்க்) என்பதால் சர்வரின் பதில் ஃபயர்வால் பக்கமே வராமல் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. 203.0.113.10-இடம் கேட்டதற்கு 192.168.10.20 பதில் சொன்னால் கம்ப்யூட்டர் எப்படி ஏற்கும்?

போஸ்ட்ரவுட்டிங்கில் (பாக்கெட் ஃபயர்வாலை விட்டுக் கிளம்பும் கட்டம்) மாஸ்கரேடு சேர்த்தேன், அதாவது அனுப்பியவர் ஐபிக்குப் பதில் ஃபயர்வாலின் ஐபி போகும்; திறந்துவிட்டது. ஆனால் இப்போது சர்வர் லாகில் உள்ளே இருக்கும் எல்லோருமே 192.168.10.1, அதாவது ஃபயர்வாலின் உள் ஐபி! எந்த பில்லை எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து திருத்தினார்கள் என்று பார்க்க அந்த லாக் எனக்குக் கட்டாயம் வேண்டும்.

உள் டிஎன்எஸ்ஸில் அதே பெயருக்கு 192.168.10.20 கொடுத்துவிடலாம், ஆனால் சில போன்களில் பிரைவேட் டிஎன்எஸ் (ஆபீஸ் டிஎன்எஸ்ஸை விட்டு வெளி டிஎன்எஸ்ஸைக் கேட்கும் அமைப்பு) போட்டிருக்கிறார்கள், அவை வெளி ஐபிக்கே போகும். சர்வரைத் தனி விலானுக்கு (தனி சப்நெட் கொண்ட பிரிவு) மாற்றினால் பதிலும் ஃபயர்வால் வழியே வரும், மாஸ்கரேடு வேண்டாம் என்பது என் கணக்கு. சரியா? வேலை நடக்கும் ஆபீசில் இப்படி மாற்றியவர்கள் எதை முதலில் செய்தீர்கள்? விதிகளை அப்படியே ஒட்டினால் பெரிய உதவி.