அட்வான்ஸ் மூன்று மாதமா, பத்து மாதமா? புதிதாக வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு

போரூர் மாடிவீடு:
முதல்முறை வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஐந்து யோசனை என்று முதலீட்டு அண்ணாச்சி நேற்று இங்கே எழுதியிருந்தார். நாலு யோசனை பரவாயில்லை. ஐந்தாவதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பத்து மாத அட்வான்ஸ் வாங்குங்கள், அது வட்டியில்லாத கடன், அதை எடுத்து அடுத்த பிளாட்டுக்கு முன்பணம் கட்டுங்கள் என்கிறார். அந்தப் பணம் உங்களுடையது இல்லை ஐயா! வீட்டு ஓனர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் வருடச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. காலி செய்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். பதினெட்டு வருடமாக மூன்று போர்ஷன் விடுகிறேன். புதிதாக வருகிறவர்களைக் குழியில் தள்ளாதீர்கள்.

முதலீட்டு அண்ணாச்சி:
சட்டத்தை எடுத்துக் காட்டுகிறவர் முழு வரியையும் படிக்க வேண்டும். 11ஆவது பிரிவு எப்படித் தொடங்குகிறது? மாறான ஒப்பந்தம் இருந்தாலொழிய, மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று தொடங்குகிறது. ஒப்பந்தத்தில் பத்து மாதம் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் பத்து மாதம். முடிந்தது. பாதி வரியைப் படித்துவிட்டு எனக்குப் பாடம் எடுக்க வராதீர்கள்.

போரூர் மாடிவீடு:
மூன்று மாதம் என்று சட்டத்தில் இருக்கிறதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

முதலீட்டு அண்ணாச்சி:
மாறான ஒப்பந்தம் இருந்தாலொழிய என்று இருக்கிறதா இல்லையா? நீங்கள் முதலில் அதைச் சொல்லுங்கள்.

புது ஓனர்:
சார், உங்கள் இரண்டு பேர் சண்டையில் என் கேள்வியையும் கொஞ்சம் பாருங்கள். மாடம்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை பிளாட். எல்லாச் செலவும் சேர்த்து 55 லட்சம் ஆயிற்று. வாடகை 14,000 சொல்கிறார்கள். வீட்டுக்கடனுக்கு மாதத் தவணை 38,000. புரோக்கர் ஒரு குடும்பத்தைக் கூட்டி வருகிறார். 1,40,000 கேட்கட்டுமா, 42,000 கேட்கட்டுமா? பணம் வந்தால் மூன்று மாதத் தவணை ஓடும் என்று வீட்டுக்காரி சொல்கிறாள்.

போரூர் மாடிவீடு:
தம்பி, நீங்கள் சொன்ன கடைசி வரிதான் என் பயமே. 14,000 வீதம் வருடத்துக்கு 1,68,000 வருகிறது. போட்ட 55 லட்சத்துக்கு அது மூன்று சதவீதம்தான். இதில் சொத்து வரி, அசோசியேஷன் பராமரிப்பு, ஆள் மாறும்போது ஒரு மாதம் சும்மா கிடப்பது எல்லாம் போக வேண்டும். தவணைக்கு மாதம் 24,000 உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகப் போகிறது. அட்வான்ஸ் அந்த ஓட்டையைக் கிட்டத்தட்ட ஆறு மாதம் மூடும். ஏழாவது மாதம் ஓட்டை அங்கேயே இருக்கும், கூடவே 1,40,000 ரூபாய்க் கடனும் இருக்கும்.

2011இல் நான் இதைச் செய்தேன். பத்து மாத அட்வான்ஸ் 65,000 வாங்கி மாடிக்கு டைல்ஸ் போட்டேன். எட்டாவது மாதம் அந்தப் பையனுக்குப் பெங்களூருக்கு மாற்றல். அவன் அப்பா காலை ஆறு மணிக்கே வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார், கையில் சாவிக்கொத்து. "பணம் தயாரா சார்?" என்று ஒரே கேள்வி. உள்ளே போய் மனைவியின் வளையலை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போனேன். கடை திறக்கும்வரை வாசலில் நின்றது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் மூன்று மாதம்தான். வாங்கிய அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுவேன்.

கீழ்ப்போர்ஷன்:
பத்து மாதம் கொடுத்த பக்கத்திலிருந்து ஒருவர் பேசலாமா? நாங்கள் 1,50,000 கொடுத்தோம். காலி செய்த அன்று ஓனர் டார்ச்சோடு வந்து ஹாலில் ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணினார். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார். பதினொன்று. அதில் ஏழு நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை 15,000 பிடித்தார். மீதியைத் தர நாலு மாதம் இழுத்தார். அதுவரை புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க என் நகை அடகில் இருந்தது. உங்கள் வளையலைப் பற்றி எழுதினீர்கள். அடகுக்கடைக்கு வாடகைக்கு இருப்பவர்களும் போகிறோம்.

பல்லாவரம் பாட்டி:
அம்மா கீழ்ப்போர்ஷன், சுவர் என்ன பாடுபட்டது என்று ஓனரைக் கேட்டால்தான் தெரியும். என் வீட்டில் குழந்தை கிரேயானால் சுவர் முழுக்க ரயில் வரைந்து வைத்திருந்தது. பத்து மாதம் வாங்கியதால்தான் தப்பித்தேன். மூன்று மாத அட்வான்ஸ் என்றால், காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று மாத வாடகையைத் தராமலே கழித்துவிடுகிறார்கள். கரண்ட் பில்லும் தண்ணீர்ப் பாக்கியும் நம் தலையில். அப்புறம் எதை வைத்து ரிப்பேர் செய்வது?

முதலீட்டு அண்ணாச்சி:
பாட்டி சொல்வதுதான் நடைமுறை. இரண்டு மாத வாடகை பாக்கி என்றால் நோட்டீஸ் கொடுத்து வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பார்கள். போய்ப் பாருங்கள், எத்தனை வாய்தா என்று. அதுவரை கையில் இருப்பது அட்வான்ஸ் மட்டும்தான். மாறான ஒப்பந்தம் இருந்தாலொழிய. திரும்பவும் சொல்கிறேன், மாறான ஒப்பந்தம் இருந்தாலொழிய.

போரூர் மாடிவீடு:
நீதிமன்றத்துக்குப் போக உங்களிடம் என்ன காகிதம் இருக்கும்? புதுச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். உங்கள் ஐந்து யோசனையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் பதினொரு மாதம் எழுதி பீரோவில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறீர்கள். பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது என்பதே உங்களுக்கு எட்டவில்லை. தம்பி புது ஓனர், முதல் வேலை அந்தப் பதிவு. அடுத்தது, சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் சுவர், சிங்க், கழிவறைக் குழாய், மீட்டர் ரீடிங் வரை போனில் படம் எடுத்து அவர்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இது இருந்தால் பதினொரு ஓட்டையில் எந்த ஏழு யாருடையது என்ற சண்டையே வராது. அட்வான்ஸ் மூன்று மாதம்.

கீழ்ப்போர்ஷன்:
படம் எடுக்கச் சொன்னது நியாயம். ஆனால் போரூர் சார், நீங்கள் காலி செய்பவர்களிடம் பெயிண்டுக்குப் பணம் பிடிப்பதில்லையா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

போரூர் மாடிவீடு:
பிடிப்பேன். ஒரு மாத வாடகை. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

முதலீட்டு அண்ணாச்சி:
ஆகா! அங்கே ஒப்பந்தம் செல்லும், இங்கே செல்லாதா? பெயிண்டுக்கு ஒப்பந்தம் இருந்தால் சரி, அட்வான்ஸுக்கு ஒப்பந்தம் இருந்தால் குழியில் தள்ளுவதா?

போரூர் மாடிவீடு:
இரண்டும் ஒன்றல்ல. பெயிண்ட் செலவு. அட்வான்ஸ் அடுத்தவர் பணம். மூன்று மாதம்.

கீழ்ப்போர்ஷன்:
செலவா? வாடகை வருமானத்தில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தை ஒரு பில்லும் காட்டாமல் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் உங்களை விடுகிறது. ரிப்பேர், பராமரிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 30. என் ஓனர் 1,80,000 வாடகைக்கு 54,000 வரை கழித்திருப்பார். அப்புறம் அதே சுவருக்கு என்னிடம் 15,000. எத்தனை தடவை ஒரு சுவருக்குப் பெயிண்ட் அடிப்பீர்கள்?

பல்லாவரம் பாட்டி:
வரி கட்டுகிறவர்களுக்குத்தானே கழிவு. எனக்கு வருமானமே அந்த ஒரு போர்ஷன்தான். 30 சதவீதமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பெயிண்டர் ஒரு நாள் கூலி என்ன தெரியுமா?

கீழ்ப்போர்ஷன்:
அடித்திருந்தால் கூலி தெரியும் பாட்டி. நாங்கள் காலி செய்த வீட்டில் அடுத்த வாரமே வேறு குடும்பம் பால் காய்ச்சிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அதே சுவர், அதே ஓட்டைகள்.

புது ஓனர்:
கரண்ட் விஷயம் யாராவது சொல்லுங்கள். மொட்டை மாடியில் ஒரு சின்ன அறை எனக்குச் சேர்ந்தது, அதற்குத் தனி மீட்டர் இல்லை. சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்கலாம் என்கிறார் புரோக்கர்.

கீழ்ப்போர்ஷன்:
வாங்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். அதையும் சேர்த்து எட்டு ரூபாய்க்கு விற்பது என்ன நியாயம்?

பல்லாவரம் பாட்டி:
ஒரே மீட்டரில் இரண்டு பேர் ஓட்டினால் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். கூடுதல் பணத்தை யார் கட்டுவது? எட்டு ரூபாய் வாங்கினாலும் சில மாதம் எனக்குக் கையைக் கடிக்கிறது.

போரூர் மாடிவீடு:
செலவானாலும் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள் தம்பி. கரண்டைக் காரணம் காட்டிச் சண்டை வந்தால், கோபத்தில் பியூஸைப் பிடுங்கத் தோன்றும். பிடுங்கினால் சட்டப்படி தப்பு உங்கள் மேல்தான். வாடகை பாக்கி இருந்தாலும் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தக்கூடாது. போன வருடம் பேச்சிலர் பையன்கள் வீட்டில் தண்ணீரை மூடியதாக அண்ணாச்சி இங்கேயே பெருமையாக எழுதினாரே, யாருக்காவது நினைவிருக்கிறதா?

முதலீட்டு அண்ணாச்சி:
மோட்டார் ரிப்பேர் என்று எழுதினேன். இழுத்து விடாதீர்கள். பேச்சிலர்களுக்கு வீடு கொடுக்கமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னதற்கு என்னை நாலு பக்கம் திட்டினீர்கள், உங்கள் மாடியில் மட்டும் குடும்பங்கள்தானே இருக்கின்றன? அந்தக் கணக்கை இன்றைக்குத் தீர்க்கிறீர்கள், அவ்வளவுதான். எனக்கு நாலு பிளாட் இருக்கிறது. உங்களுக்குப் பதினெட்டு வருடத்தில் அதே மூன்று போர்ஷன். யார் யாருக்கு முதலீடு சொல்லித்தருவது?

போரூர் மாடிவீடு:
நாலு பிளாட்டிலும் அட்வான்ஸ் வாங்கினது எத்தனை, இன்றைக்கு வங்கியில் இருப்பது எத்தனை? நாலு பேரும் ஒரே மாதம் காலி செய்தால் எங்கே போவீர்கள்?

முதலீட்டு அண்ணாச்சி:
அடுத்து வருகிறவரிடம் வாங்கிக் கொடுப்பேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

போரூர் மாடிவீடு:
2020இல் அடுத்து வருகிறவர் யார் இருந்தார்? ஊரடங்கில் எங்கள் தெருவில் மட்டும் ஆறு வீட்டில் டு லெட் போர்டு மாதக்கணக்கில் தொங்கியது. வேலை போய் ஊருக்குக் கிளம்பியவர்கள் சாமானை வேனில் ஏற்றிவிட்டு அட்வான்ஸுக்காக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். என் கீழ்வீட்டுக்காரருக்கு அன்று மாலையே கொடுத்தேன், கணக்கில் இருந்ததால் கொடுத்தேன். புது ஓனர் தம்பி, மூன்று மாதம் வாங்குங்கள். 42,000. தொடாதீர்கள்.

முதலீட்டு அண்ணாச்சி:
மாறான ஒப்பந்தம் இருந்தாலொழிய.

கீழ்ப்போர்ஷன்:
போரூர் சார், மூன்று மாதத்துக்காக இவ்வளவு பேசுகிறீர்கள், சந்தோஷம். உங்கள் கீழ்வீட்டுக்காரரிடம் அன்றைக்குப் பெயிண்டுக்கு எவ்வளவு பிடித்தீர்கள்?

போரூர் மாடிவீடு:
அது ஒப்பந்தத்தில் இருந்தது என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

கீழ்ப்போர்ஷன்:
பெயிண்ட் அடித்த பில் இருக்கிறதா?