தசமபாகத்தை முன்பணத்தில் எடுப்பதா, இலாபத்தில் எடுப்பதா?

மேஸ்திரி மகன், கிருஷ்ணகிரி:
கொத்தனாராகத் தொடங்கி, பின்னர் சொந்தமாக ஒப்பந்தம் எடுத்து, கிருஷ்ணகிரியிலும் காவேரிப்பட்டணத்திலும் பல வீடுகளைக் கட்டிய என் தந்தையார், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கர்த்தருடையது என்று நம்பி, நாற்பது ஆண்டுகளாக அதை ஏழைப் பிள்ளைகளின் விடுதிக் கட்டணத்துக்கும் சபைக் காரியங்களுக்கும் கொடுத்து வந்தார். இப்போது தொழில் என் கையில் இருக்கிறது. வீட்டுக்காரர் முன்பணம் தரும் அன்றே பத்தில் ஒன்றை எடுத்து வைத்துவிடுகிறேன்; ஆனால் கம்பி விலை ஏறும்போது அந்தப் பள்ளத்தை நிரப்பவே வட்டிக்கு வாங்க நேர்கிறது. இலாபத்தில் மட்டும் கணக்கிட்டால் கர்த்தருக்குக் குறைத்துக் கொடுத்தவன் ஆவேனா?

கணக்காளர், தருமபுரி:
முன்பணம் உங்கள் வருமானமே அன்று. வேலை முடியும்வரை அது வீட்டுக்காரரிடம் நீங்கள் பட்டிருக்கும் கடன். கடைசி பில் வந்து, கடைக்காரர் பாக்கியும் கூலியும் தீர்ந்த பிறகு நிற்பதே உங்களுடையது. வரிச் சலுகையையும் எதிர்பார்த்தால், வருமான வரியில் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குக் கழிவு கிடையாது என்பதையும், புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்த நன்கொடைக் கழிவே பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மனை வணிகர், ஓசூர்:
நான் கொடுப்பது ஜகாத், அதாவது இஸ்லாத்தில் கடமையான தானம். கடமையாகும் அளவுக்கு மேற்பட்ட செல்வம் ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 சதவீதம். விற்பதற்காக வைத்திருக்கும் மனை சந்தை மதிப்பில் கணக்கில் சேரும். கலவை இயந்திரமும் சென்ட்ரிங் பலகையும் தொழிற்கருவிகள் என்பதால் சேரா. ஆனால் இந்தக் கணக்குக்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது: கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்கிறது நபிமொழி. சனிக்கிழமைச் சம்பளத்தைத் திங்களுக்குத் தள்ளிவிட்டு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அள்ளிக் கொடுப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் சித்தாள்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊத்தங்கரை:
மண் வாரும் பெரும் இயந்திரங்களைச் செய்த அமெரிக்கர் ஆர். ஜி. லெட்டூர்னோ (1888–1969), வருமானத்தில் 90 சதவீதத்தை ஊழியத்துக்குக் கொடுத்துவிட்டுப் பத்தில் வாழ்ந்தவர் என்று அறியப்படுகிறார். தொழில் பெருகிய பிறகே அவரால் அந்த விகிதத்துக்கு உயர முடிந்தது. எனவே விகிதத்தைப் பற்றி இப்போதே கலங்க வேண்டாம்.

மேஸ்திரி மகன், கிருஷ்ணகிரி:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு அப்பாவின் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுக் கணக்கிலும் ஆள்கூலி தீர்ந்தது என்ற வரிக்குக் கீழேதான் தசமபாகம் எழுதப்பட்டிருக்கிறது. நட்டப்பட்ட வேலைகளுக்கு அந்த இடத்தில் வெறும் கோடு. ஒரே ஒரு நட்டக் கணக்கில் மட்டும் ஐந்நூறு ரூபாய் என்று இருந்தது. ஏன் என்று கேட்டேன். சிரித்தாரே தவிர, காரணம் சொல்லவில்லை.