தலைவலி விட்டாலும் கை மதமதப்பு விடல, பேச்சுல வார்த்தை வரமாட்டேங்குது. யாருக்காவது இப்படி இருக்கா?

நெல்லைக்காரி:
வயசு 36, ஸ்கூல் டீச்சர். கல்யாணத்துக்கு முன்னாடில இருந்தே மைக்ரேன், அப்பல்லாம் மாசம் 3, 4 நாள்தான், இப்ப ரெண்டு வருஷமா 16, 17 நாள் மண்டையிடி. அதுகூட பழகிப்போச்சு, பிரச்சனை என்னன்னா வலி இல்லாத நாள்லயும் விரல் நுனியெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்கு, கிளாஸ்ல தினமும் பாக்குற பையன் பேரு நாக்கு நுனில நிக்குது வெளிய வரல, போர்டைப் பாத்தா சாக்பீஸ் தூசி பறக்குற மாதிரி பொடிப்பொடியா புள்ளி. எம்ஆர்ஐ நார்மல். "டென்ஷனைக் குறைங்க"ன்னு அனுப்பிட்டாங்க. வீட்ல எல்லாரும் இப்ப நான் நடிக்கிறேன்ங்கிற மாதிரிதான் பாக்குறாங்க.

பழைய_தலைவலி:
அக்கா மொதல்ல என்ன மாத்திரை போடுறீங்கன்னு சொல்லுங்க. மைக்ரேன் வராம தடுக்கக் குடுக்குற டோபிரமேட் இருக்கா? எனக்கு 50 மில்லிகிராம்ல இதே கதைதான், கை கால் விரல்ல ஊசி, மீட்டிங்ல "பிரிண்டர்"ங்கிற வார்த்தை வராம "அந்த பேப்பர் துப்புற மிஷின்"னு சொன்னேன், ஆபீஸே சிரிச்சுது. அந்த மாத்திரையோட தெரிஞ்ச சைடு எஃபெக்ட்தான் ரெண்டும். சோடா குடிச்சா கேஸ் போன மாதிரி சப்புன்னு இருக்கான்னு பாருங்க. ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க, எனக்கு அளவைக் குறைச்சதும் பேச்சு திரும்ப வந்துச்சு.

பூச்சி_பறக்குது:
புள்ளி விஷயத்துக்கு மட்டும் சொல்றேன். கண்ணை மூடினாலும் தெரியுதா, டிவில சேனல் வராதப்ப புள்ளி புள்ளியா ஓடுமே அப்படி பார்வை முழுக்க இருக்கா? 3 மாசத்துக்கு மேல நின்னுச்சுன்னா விஷுவல் ஸ்னோன்னு சொல்றாங்க, மைக்ரேன் உள்ளவங்களுக்கு அதிகம் வருது, பாத்த பொருள் போனபிறகும் கண்ணுல ஒட்டிட்டு நிக்குறது, காதுல இரைச்சல் இதெல்லாம் கூடவே வரும். ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாது. எனக்கு 6 வருஷமா இருக்கு, கண் டாக்டர் மூணு பேர் கண்ணு நல்லாருக்குன்னாங்க, பேரு தெரிஞ்ச அன்னைக்குதான் நிம்மதியா தூங்கினேன். மருந்துன்னு பெருசா ஒண்ணுமில்ல, அதையும் சொல்லிடணும்ல.

நைட்_டூட்டி:
நர்ஸா இருக்கேன், டாக்டர் இல்ல. சாதாரண ஆரான்னா, அதாவது மைக்ரேன் வலியை ஒட்டி வர்ற பார்வை மாற்றம், மதமதப்பு, பேச்சுத் தடுமாற்றம், ஒவ்வொரு அறிகுறியும் 5 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம்தான், விரல்ல ஆரம்பிச்சு மெதுவா முழங்கை, வாய்னு ஏறும், அப்புறம் போயிடும். நாள் கணக்குல நிக்குற மதமதப்புக்கு "மைக்ரேன்தான்"னு விட்டுறக் கூடாது, பி12, தைராய்டு, சுகர் பாத்தாங்களா? சைவம்னா பி12 கட்டாயம். வலி மாத்திரை மாசம் எத்தனை நாள் போடுறீங்க? பாராசிட்டமால் மாதிரி சாதாரண வலி மாத்திரை 15 நாள், மைக்ரேன் வலிக்குன்னே குடுக்குற டிரிப்டான் 10 நாள், இதத் தாண்டி மாசக்கணக்கா போனா மாத்திரையே தலைவலியைக் கொண்டு வரும். ஒரு பக்கம் திடீர்னு பலம் போறது, வாய் கோணுறது, பேச்சு குழறுறது, இதுல ஒண்ணு வந்தாலும் இங்க வந்து கேக்காதீங்க, 108. டோபிரமேட் போடும்போது திடீர்னு கண் வலிச்சு மங்கினாலும் உடனே போகணும். ஆரா இருக்குன்னா கருத்தடை மாத்திரை எடுக்குறதையும் டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, ஸ்ட்ரோக் ரிஸ்க் கூடும்.

நெல்லைக்காரி:
அழுகையே வந்துருச்சு. டோபிரமேட்தான், மார்ச்ல ஆரம்பிச்சு மே மாசம் டபுள் பண்ணாங்க, மதமதப்பு ஜூன்ல. ரெண்டு காலும் உண்டு, கேட்டப்ப சொல்லத் தோணல. ஆனா புள்ளி மாத்திரைக்கு முன்னாடியே போன தீபாவளில இருந்து, அப்ப அது வேற இது வேறயா? பி12 பாக்கவே இல்ல, நாங்க முட்டைகூட தொடமாட்டோம். வலி மாத்திரை கணக்கு வச்சதில்ல, அட்டையை எண்ணிப் பாத்தா 20 நாளாவது இருக்கும். தேதி போட்டு எழுதிட்டேன், வியாழக்கிழமை அதே டாக்டர்தான், பேப்பரோட போறேன். அப்புறம் தம்பி, கோலி சோடா வாங்கிட்டு வரச்சொல்லி குடிச்சேன், வெறும் தண்ணி. கேஸ் இல்லன்னேன். வீட்டுக்காரர் வாங்கி ஒரு மடக்கு குடிச்சுட்டு ஏப்பம் விட்டார்.